ஒரு சாண், இரண்டு விரல்

போன மாசியில்
பேச்சிப்பாறைக்குப் போன இரவு
பதினோரு பெட்டிகளில் அடை முறிந்தது.
திருவட்டாறு இறக்கத்தில்
பின்பட்டை உதைத்த ஒரே உதை.
தேன் பலகையிடுக்கில் இறங்கி
ரோட்டில் கோடு போட்டது.
விடியும்போது எறும்புகள்
அந்தக் கோட்டைப் பிடித்து எங்கள் பின்னால் வந்தன.

லாறியைக் கொடுத்துவிடு என்றார்கள்.
அறுபத்தெட்டாம் வருடத்து பெட்ஃபோர்ட்,
என்னைவிட இரண்டு வயது இளையது,
மூக்கு நீளம், ஸ்டியரிங் கனம்,
கடன் கிடையாது.
அதனால் கொடுக்கவில்லை.

யோவேல் எட்டுப் பட்டையில் நாலை உருவினான்.
ஏதோ ஆம்னி பஸ்ஸைத் தாங்கிக் களைத்து
களியக்காவிளை இரும்புக்கடையில்
எடைக்குக் கிடந்த இரண்டு காற்றுப்பைகளை
ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவே உட்காரவைத்தான்.
வாயோடு வாய் கவிழ்த்த அப்பச்சட்டிகள்.

"எத்தனை பவுண்டு அடிக்கணும்?"
டயர்க்கடைக் கேள்விதான் எனக்குத் தெரியும்.
"பவுண்டு பைக்குள்ள கெடக்கட்டும்,
உயரம் சொல்லுங்க."

அழகுக்கு என்றால் சொல்லிவிடுவேன்:
பின்பக்கம் தூக்கி,
சண்டைக்கு முந்தின சேவல்மாதிரி.
அப்படியே வைத்தான்.
மேல்புறம் வரை காலியாக ஓட்டினோம்.
நாற்பதைத் தொட்டதும்
புரொப்பல்லர் சாப்டு நடுங்கி
அந்த நடுக்கம் என் கடைவாய்ப்பல்வரை ஏறியது.
தூக்கினால் சாப்டின் கோணம் தப்பும், ஷாக்கு நீண்டு தொங்கும்.
இறக்கினால் ரப்பர்க்கட்டையில் இடிக்கும்.
நடுவில் எங்கோ ஓர் இடம் இருக்கிறதாம்,
பைக்கு மேலேயும் போகலாம் கீழேயும் போகலாம் என்கிற இடம்.

அந்த எங்கோவை மூன்று நாள் தேடினோம்
உண்ணாமலைக்கடையில்,
மட்கார்டில் சாக்பீஸால் எழுதி எழுதி அழித்து:
பதினொன்று,
ஒன்பதரை,
பத்தேகால்.
தேனீக்குப் பதில் மணல்மூட்டை.
இரண்டு பைக்கும் அறுபது பவுண்டு;
இடது பக்கம் ஒரு விரல் தாழ்வு.
மீட்டர் சமம் என்கிறது, லாறி சாய்ந்து நிற்கிறது.
டீசல் டேங்க் அந்தப் பக்கம்.
இடதுக்கு அறுபத்தெட்டு, வலதுக்கு ஐம்பத்தைந்து.
லாறி நிமிர்ந்தது.
"ரெண்டுக்கும் ஒரே நியாயம் பாத்தா வண்டி சரியும், கேட்டியளா."
என் மகன்களைச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை.
கடைசி ஈயும் கூடு சேர்ந்தபின் வாசல் அடைத்து
நூற்றிருபது பெட்டி ஏற்றினோம்.
மணல் சொன்ன கணக்கு பொய்.
லாறி இன்னும் தாழ்ந்தது.

டார்ச் அடிக்க முடியாது, அடைப்பிடுக்கில் ஒரு ஈ போதும்.
கம்ப்ரசர் போட முடியாது,
அதன் அதிர்வு தரைவழி ஏறிப் பெட்டிகளைக் கிளப்பும்.
சைக்கிள் பம்பு.
யோவேல் குத்தினான்.
நான் லாறிக்கடியில் மல்லாந்து கிடந்து
ஆக்சிலிலிருந்து சேஸுக்குக் கையை விரித்தேன்.
பலகைக்கு அந்தப்புறம்
லட்சக்கணக்கான இறக்கைகள்
அவற்றின் காற்றை அடித்துக்கொண்டிருந்தன.

"எவ்வளவு?"
"ஒரு சாண், ஒரு விரல்."
நாற்பது குத்து.
"இப்ப?"
"ஒண்ணரை."
"ஆருக்க சாண்?"
"எனக்க சாண்தான். லாறி எனக்கதுதானே."
வேர்வை சொட்டச் சொட்ட இன்னும் முப்பது.
"நிறுத்து."

குலசேகரம் தாண்டி
ரப்பர்க்காட்டுக்குள் நுழையும்போது மணி இரண்டு.
தளிர் செம்புநிறத்தில் இருந்திருக்கும், இருட்டில் தெரியவில்லை.
குழிகளில் லாறி உதைக்கவில்லை.
உட்கார்ந்து, யோசித்து, எழுந்தது.
காலையில் திறந்து பார்த்தால் ஒரே ஒரு அடை முறிவு.
அது நான் கட்டிய கயிற்றின் தப்பு.

பெட்டியெல்லாம் இறக்கியதும்
பின்பக்கம் எழும்பி
மறுபடி சேவலாகி நின்றது.
வால்வைக் குத்தினேன்.
உண்ணாமலைக்கடைக் காற்று கொஞ்சம்
ரப்பர் மரங்களுக்கு நடுவே சீறிப் போனது.
அடியில் படுத்துக் கையை விரித்தேன்.
திரும்பும் வழிக்கு வேறே பவுண்டு,
அதே சாண்.